அடுத்த மாடல் எந்த ஆலைக்கு என்பது உங்களுக்கு முன்பே தெரியும்

கார் நிறுவனங்களின் இயக்குநர் குழுவினருக்கு,

வணக்கம். இந்த மடல் தமிழில் இருப்பதால் உங்களில் யாரும் நேரடியாகப் படிக்கப் போவதில்லை. பரவாயில்லை. உங்கள் நிறுவனத்தைப் பற்றி எந்த மொழியில் யார் என்ன எழுதுகிறார்கள் என்று பார்த்துச் சொல்ல ஆள் வைத்திருப்பீர்கள். அவருக்கு வேலையைச் சுலபமாக்கிவிடுகிறேன். நான் கேட்பது இவ்வளவுதான்: ஓர் ஆலையை மூடிவிட்டு உற்பத்தியை வேறு நாட்டுக்குக் கொண்டுபோவது என்று முடிவெடுத்தால், அந்த ஆலையில் வேலை செய்கிறவர்களிடம் உடனே சொல்லுங்கள். சொல்லாமல் வைத்திருக்கும் ஒவ்வொரு மாதத்தின் செலவும் அவர்கள் தலையில் விழுகிறது.

ஆலையை நகர்த்தவே கூடாது என்று நான் சொல்லவில்லை. சொன்னாலும் கேட்கப் போவதில்லை, அது வேறு. சந்தை மாறுகிறது, எண்ணெய் விலை மாறுகிறது, இறக்குமதி வரி ஒரே இரவில் மாறுகிறது. வேலை போனதற்கெல்லாம் வெளிநாடுதான் காரணம் என்று பழி போடவும் நான் தயாரில்லை. அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தின் ஃபிளின்ட் நகரில் 1978இல் ஜெனரல் மோட்டார்ஸ் ஏறக்குறைய 80,000 பேருக்கு வேலை கொடுத்தது. 2010 வாக்கில் அது 8,000க்கும் கீழே போய்விட்டது. இதில் மெக்சிகோவுக்குப் போனது எவ்வளவு, வெல்டிங் ரோபோ எடுத்துக்கொண்டது எவ்வளவு, ஜப்பானியக் கார்களிடம் தோற்றது எவ்வளவு, சங்கம் இல்லாத தெற்கு மாநிலங்களுக்கு நகர்ந்தது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல யாராலும் எளிதில் முடியாது. அரசியல்வாதிகளுக்கு மெக்சிகோவைச் சொல்வது வசதி, உங்களுக்கு ரோபோவைச் சொல்வது வசதி. அந்தச் சண்டைக்குள் நான் போகவில்லை.

நான் பேச வந்தது முடிவெடுக்கும் நாளுக்கும் அறிவிக்கும் நாளுக்கும் நடுவில் இருக்கும் காலத்தைப் பற்றி.

ஒரு கார் ஆலை எப்படிச் சாகிறது என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஆனால் இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். ஒரு மாடல் பொதுவாக ஆறேழு ஆண்டுகள் விற்பனையில் இருக்கும். அடுத்த தலைமுறைக்கான வேலை, அந்தக் கார் சாலைக்கு வருவதற்கு மூன்று நான்கு ஆண்டுகள் முன்பே தொடங்கிவிடும். அது எந்த ஆலையில் தயாராகும் என்பதைத் தொடக்கத்திலேயே முடிவு செய்தாக வேண்டும், வேறு வழியில்லை. கதவையும் பானெட்டையும் கூரையையும் அடித்தெடுக்கும் டைகளுக்கு, அதாவது உலோக அச்சுகளுக்கு, ஆர்டர் கொடுக்க வேண்டும். அவற்றைச் செய்து, அடித்துப் பார்த்து, திருத்தி, பிரஸ் ஷாப்பில் ஏற்றுவதற்கு மாதக்கணக்கில் ஆகும். பாடி ஷாப்பில் ரோபோக்கள் நிற்கும் வரிசையே மாறும். பெயின்ட் ஷாப் பழசாகிவிட்டது என்றால் புதிதாகக் கட்டப் பெருந்தொகை வேண்டும். சீட்டும் டாஷ்போர்டும் வயரிங்கும் செய்து தரும் வென்டர்கள் ஆலைக்குப் பக்கத்திலேயே ஷெட் போட வேண்டும். ஏனென்றால் லைனில் எந்த நிறக் கார் வருகிறதோ அதற்கேற்ற சீட் சில மணி நேரத்துக்குள் அங்கே வந்து நிற்க வேண்டும்.

இத்தனையையும் திட்டமிட உங்களிடம் ஒரு பட்டியல் இருக்கிறது. ஒரு பக்கம் ஆலைகளின் பெயர்கள், இன்னொரு பக்கம் வரப்போகும் மாடல்கள். ஓர் ஆலைக்கு எதிரே இப்போதைய மாடல் முடியும் ஆண்டு இருக்கிறது, அதற்கு அடுத்து எதுவும் இல்லை என்றால், அந்த ஆலை அன்றைக்கே மூடப்பட்டுவிட்டது. கேட் இன்னும் திறந்திருக்கும், ஷிப்ட் ஓடும், கேன்டீனில் சாப்பாடு போடுவார்கள், அவ்வளவுதான். அறிவிப்பு வருவதற்கு இரண்டு ஆண்டு ஆகலாம், மூன்று ஆண்டும் ஆகலாம்.

உள்ளே இருப்பவர்கள் முட்டாள்கள் இல்லை. பராமரிப்புப் பிரிவில் இருக்கிறவருக்குத்தான் முதலில் சந்தேகம் வரும். பழுதான மோட்டாருக்குப் பதில் புதிது கேட்டால் ‘இப்போதைக்கு ரிப்பேர் பண்ணி ஓட்டுங்க’ என்பார்கள். ஒழுகும் கூரையை மாற்ற மாட்டார்கள். பயிற்சியாளர்களை எடுப்பது நிற்கும். நல்ல எஞ்சினியர்கள் ஒவ்வொருவராக வேறு ஆலைக்கு மாற்றலாகிப் போவார்கள். டீ இடைவேளையில் எல்லோரும் இதைத்தான் பேசுவார்கள். மேலாளரிடம் கேட்டால் ‘வதந்திகளை நம்பாதீர்கள்’ என்பார். பல சமயம் பாவம் அந்த மேலாளருக்கே தெரியாது.

ஓஹையோ மாநிலத்தின் லார்ட்ஸ்டவுனில் நடந்ததை எடுத்துக்கொள்ளுங்கள். 1966இலிருந்து அங்கே ஜெனரல் மோட்டார்ஸ் ஆலை ஓடியது. கடைசி மாடல் செவர்லே குரூஸ். சிறிய கார்களின் விற்பனை சரிந்தது. 2017 தொடக்கத்தில் மூன்றாவது ஷிப்ட் போனது. 2018 ஜூனில் இரண்டாவது ஷிப்டும் போனது. அதே நாட்களில்தான் புதிய செவர்லே பிளேசர் மெக்சிகோவின் ராமோஸ் அரிஸ்பே ஆலையில் தயாராகும் என்ற செய்தியும் வந்தது. இரண்டு செய்தியையும் சேர்த்துப் படித்தவர்களுக்குத் தங்கள் கதை முடிந்தது என்று புரிந்திருக்கும். ஆனால் வாய்விட்டு யாரும் சொல்லவில்லை. நடுவில், 2017 ஜூலையில், அமெரிக்க அதிபர் டிரம்ப் பக்கத்து ஊரான யங்ஸ்டவுனுக்கு வந்து, வேலைகள் எல்லாம் திரும்பி வருகின்றன, வீட்டை விற்காதீர்கள் என்று மேடையிலேயே சொல்லிவிட்டுப் போனார்.

2018 நவம்பர் 26 அன்று அறிவிப்பு வந்தது. அப்போதும் மூடுகிறோம் என்று சொல்லவில்லை. 2019இல் இந்த ஆலைக்கு மாடல் எதுவும் ஒதுக்கப்படவில்லை என்றார்கள். சங்கத்தோடு போட்ட ஒப்பந்தக் காலத்தில் ஆலையை மூடக் கூடாது என்ற நிபந்தனை இருந்ததால் இப்படி ஒரு சுற்றுவழி. 2019 மார்ச் 6 அன்று கடைசி குரூஸ் லைனை விட்டு இறங்கியது.

அதிபர் சொன்னதை நம்பி வீட்டை விற்காமல் இருந்தவர்கள் எத்தனை பேர் என்று யாரும் எண்ணியிருக்க மாட்டார்கள். ஆனால் ஆலை போன பிறகு அந்த ஊரில் ஒரு வீடு என்ன விலைக்குப் போகும் என்று உங்களால் ஊகிக்க முடியும். எல்லோரும் ஒரே நேரத்தில் விற்க வருவார்கள். வாங்க ஆள் இருக்காது. அரசியல்வாதி வாய்க்கு வந்ததைச் சொல்வார், அது அவர் தொழில். அவர் பேச்சைப் பொய் என்று நிரூபிக்கும் பட்டியல் உங்கள் கையில் இருந்தது. நீங்கள் வாயை மூடிக்கொண்டு இருந்ததால்தான் அவர் பேச்சு எடுபட்டது.

அமெரிக்காவில் 1988ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, 100 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள் மூடுவதற்கு 60 நாள் முன்பு சொல்ல வேண்டும் என்கிறது. நீங்கள் மூன்று ஆண்டு முன்னால் முடிவு செய்கிறீர்கள், தொழிலாளிக்குக் கிடைப்பதோ 60 நாள். முப்பது ஆண்டுத் தவணையில் வீடு வாங்கியவருக்கு, மகளைக் கல்லூரியில் சேர்த்திருப்பவருக்கு, அது எதற்குப் போதும்?

ஐரோப்பாவில் நிலைமை கொஞ்சம் மேல். அந்த மேன்மையில் ஒரு பகுதியும் ஒரு கசப்பான கதையிலிருந்து வந்ததுதான். பெல்ஜியத்தில் பிரஸ்ஸல்ஸுக்குப் பக்கத்தில் வில்வோர்டே என்ற ஊரில் பிரெஞ்சுக் கார் நிறுவனமான ரெனோவின் ஆலை இருந்தது. 3,100 பேர் வேலை செய்தார்கள். நன்றாக ஓடிய ஆலை. 1997 பிப்ரவரி 27 அன்று, முன்கூட்டி எந்தப் பேச்சும் இல்லாமல், கோடைக்குள் மூடப்போவதாக நிறுவனம் அறிவித்தது. தொழிலாளர்கள் ஆலைக்குள் நின்ற ஆயிரக்கணக்கான புதுக் கார்களை வெளியே விடாமல் பிடித்து வைத்தார்கள். பிரான்சிலும் ஸ்பெயினிலும் இருந்த ரெனோ தொழிலாளர்கள் அவர்களுக்காக வேலையை நிறுத்தினார்கள். தொழிலாளர்களோடு கலந்து பேச வேண்டிய கடமையை ரெனோ மீறிவிட்டது என்று பெல்ஜியத்திலும் பிரான்சிலும் நீதிமன்றங்கள் சொல்லின. ஆனாலும் ஆலை மூடப்பட்டது. அடுத்த ஆண்டு, 1998 பிப்ரவரியில், பெல்ஜியம் ஒரு சட்டம் போட்டது. பெருமளவில் ஆட்குறைப்பு செய்ய நினைக்கும் நிறுவனம் முதலில் தொழிலாளர் பிரதிநிதிகளிடம் அந்த எண்ணத்தைச் சொல்ல வேண்டும், அவர்கள் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும், மாற்று யோசனைகளைக் கேட்க வேண்டும், அதற்குப் பிறகுதான் முடிவு. இன்றைக்கும் அதை அங்கே ரெனோ சட்டம் என்றுதான் அழைக்கிறார்கள். ஒரு நிறுவனத்துக்கு இப்படியும் ஒரு நினைவுச்சின்னம்!

சட்டம் வந்ததால் எல்லாம் சரியாகிவிட்டதா? இல்லை. அதே பெல்ஜியத்தில் கெங்க் நகரின் ஃபோர்டு ஆலையில் நடந்தது எனக்கு இதைவிட மோசமாகப் படுகிறது. 1964இல், அந்த வட்டாரத்தின் நிலக்கரிச் சுரங்கங்கள் சரியத் தொடங்கிய காலத்தில் வந்த ஆலை அது. 2010இல் தொழிலாளர்கள் சம்பளச் செலவைக் குறைத்துக்கொள்ள ஒப்புக்கொண்டார்கள். பதிலுக்கு ஆலைக்கு எதிர்காலம் உண்டு, அடுத்த மோண்டியோ இங்கேதான் வரும் என்று நம்பிக்கை கொடுக்கப்பட்டது. 2012 அக்டோபர் 24 அன்று ஆலையை மூடுவதாக அறிவித்தார்கள். மோண்டியோ ஸ்பெயினின் வலென்சியாவுக்குப் போனது. நேரடியாக 4,300 பேர். வென்டர்களைச் சேர்த்தால் இன்னும் ஆயிரக்கணக்கான தலைகள். அந்த மக்கள் தங்கள் சம்பளத்தை விட்டுக்கொடுத்து வாங்கியது ஒரு வாக்கு. வாக்கு காற்றில் போன பிறகு, விட்டுக்கொடுத்த சம்பளத்தை யாராவது திருப்பிக் கொடுத்தார்களா?

பிரஸ்ஸல்ஸிலேயே இருந்த ஆடி ஆலை 2025 பிப்ரவரி இறுதியில் மூடப்பட்டது. 3,000 பேர். மூடும் எண்ணத்தை 2024 ஜூலையில் சொல்லிவிட்டார்கள், ரெனோ சட்டப்படி பேச்சுவார்த்தையும் நடந்தது. ஆனால் அந்த எண்ணத்துக்குப் பின்னால் என்ன முடிவு இருக்கிறது என்று தெளிவாகச் சொல்லவில்லை என்ற கோபத்தில், செப்டம்பரில் தொழிலாளர்கள் சுமார் 200 கார்களின் சாவிகளை எடுத்து வைத்துக்கொண்டார்கள். செய்தியைப் படித்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, வருத்தமும் வந்தது. பதில் சொல்லுங்கள், சாவி தருகிறோம் என்று கேட்கும் நிலைக்கு வயது வந்த மனிதர்களைத் தள்ளியிருக்கிறீர்கள்.

சரி, மூடிய பிறகு என்ன ஆகிறது? ‘செட்டில்மென்ட் கொடுத்துவிட்டோம், பயிற்சிக்கு ஏற்பாடு செய்துவிட்டோம்’ என்று உங்கள் அறிக்கைகளில் வழக்கமாக ஒரு பத்தி வரும். அந்தப் பத்திக்கு வெளியே நடப்பதைச் சொல்கிறேன்.

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் இருந்த ஜெனரல் மோட்டார்ஸின் ஜேன்ஸ்வில் ஆலை 2008 டிசம்பர் 23 அன்று, கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் இருக்கும்போது, கடைசி செவர்லே டாஹோவை இறக்கியது. அந்த வேலை வெளிநாட்டுக்குப் போனது என்று சொல்ல முடியாது, பொருளாதார நெருக்கடியில் போனது. ஆனால் பிறகு நடந்தது எந்த ஆலைக்கும் பொருந்தும். சிலருக்கு அதே நிறுவனத்தின் வேறு ஆலையில் வேலை கிடைத்தது. ஒன்று இண்டியானாவின் ஃபோர்ட் வேய்னில், காரில் நான்கு மணி நேரத்துக்கு மேல். இன்னொன்று டெக்சாஸில். வீட்டை விற்க முடியாது, பிள்ளைகளின் பள்ளியை நடுவில் மாற்ற முடியாது. எனவே அப்பாக்கள் வாரம் முழுக்க அங்கே அறை எடுத்துத் தங்கி, சனி ஞாயிறு மட்டும் வீட்டுக்கு வந்தார்கள். பல ஆண்டுகள் அப்படி ஓடியது. மற்றவர்கள் உள்ளூர்க் கல்லூரியில் புதுத் தொழில் படிக்கப் போனார்கள். நாற்பது வயதில் கம்ப்யூட்டரை எப்படித் திறப்பது என்பதிலிருந்து தொடங்கியவர்கள் அவர்களில் உண்டு. அப்படிப் படித்தவர்கள் படிக்காதவர்களைவிட நன்றாகச் சம்பாதிக்கவில்லை என்று பின்னர் ஆராய்ந்து பார்த்தவர்கள் கண்டார்கள். பயிற்சியைக் குறை சொல்லிப் பயனில்லை. ஊரில் வேலை இல்லாதபோது எதற்குப் பயிற்சி கொடுத்து என்ன?

இங்கிலாந்தின் லாங்பிரிட்ஜில் எம்ஜி ரோவர் 2005 ஏப்ரலில் விழுந்தபோது 6,000 பேர் ஒரே வாரத்தில் வெளியே வந்தார்கள். ஆலையின் சொத்துகளைச் சீனாவின் நான்ஜிங் நிறுவனம் வாங்கியது. சில ஆண்டுகளில் பெரும்பாலோர் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். சராசரியாகப் பார்த்தால், முன்பு வாங்கியதைவிடக் குறைந்த சம்பளத்துக்கு. புள்ளிவிவரத்தில் அவர்கள் வேலையில் இருப்பவர்கள்தான், கணக்கு சரியாக இருக்கும்.

அமெரிக்காவில் கார் ஆலை மூடப்பட்ட மாவட்டங்களையும் மூடப்படாத மாவட்டங்களையும் 1999 முதல் 2016 வரை ஒப்பிட்டுப் பார்த்த மருத்துவ ஆய்வு ஒன்று உண்டு. ஆலை மூடி ஐந்து ஆண்டு கழித்து, வேலை செய்யும் வயதினரிடையே ஓபியாய்டு வகைப் போதை மருந்துகளை அளவுக்கு மீறி எடுத்துச் சாகிறவர்களின் விகிதம், ஆலை மூடப்படாதிருந்தால் எதிர்பார்த்திருக்கக்கூடியதைவிட 85 விழுக்காடு அதிகமாக இருந்தது. எண்பத்தைந்து. உங்கள் கணக்கில் மூடல் செலவு என்று ஒரு வரி இருக்கும். டைகளைக் கழற்றி ஏற்றி அனுப்புவது, நிலத்தைச் சுத்தம் செய்வது, இழப்பீடு எல்லாம் அதில் வரும். இது எந்த வரியில் வருகிறது?

இதிலும் நிரந்தரத் தொழிலாளிக்காவது பேரம் பேசச் சங்கம் இருக்கிறது. சீட் தைக்கும் வென்டரிடம் வேலை செய்தவருக்கு, ஆலைக்குள்ளேயே சரக்கு தள்ளிய காண்ட்ராக்ட் தொழிலாளிக்கு, பெரும்பாலும் அதுவும் கிடையாது. உங்கள் அறிவிப்பில் வரும் எண்ணிக்கையில் அவர்கள் இருப்பதே இல்லை.

நீங்கள் என்ன பதில் சொல்வீர்கள் என்று தெரியும். முன்கூட்டிச் சொன்னால் பங்கு விலை ஆடும். மூடப்போகும் ஆலையில் வந்த காரை யாரும் வாங்க மாட்டார்கள். தொழிலாளர்கள் மனம் விட்டுப்போய்த் தரம் கெடும். திறமைசாலிகள் முதலில் ஓடிவிடுவார்கள், மிச்சம் இருப்பவர்களை வைத்து லைன் ஓட்ட முடியாது.

இதில் கடைசிக் கவலை மட்டும் நியாயமானது. அதற்கு வழி இருக்கிறது. கடைசி நாள் வரை இருப்பவர்களுக்குத் தனியாகத் தொகை கொடுங்கள், இருப்பார்கள். மற்றவற்றுக்கு ஆஸ்திரேலியா பதில் சொல்லிவிட்டது. அந்த நாட்டில் கார் உற்பத்தியே நின்றுபோனது. ஃபோர்டு 2013 மேயில் அறிவித்து 2016 அக்டோபரில் மூடியது. ஹோல்டன் என்ற பெயரில் ஓடிய ஜெனரல் மோட்டார்ஸ் 2013 டிசம்பரில் சொல்லி 2017 அக்டோபர் 20 அன்று எலிசபெத் ஆலையை மூடியது. டொயோட்டா 2014 பிப்ரவரியில் சொல்லி 2017 அக்டோபர் 3 அன்று ஆல்டோனாவில் நிறுத்தியது. மூன்றும் மூன்றரை ஆண்டை ஒட்டி, சில மாதம் முன்னே பின்னே. வானம் இடிந்து விழவில்லை. லைன் கடைசி நாள் வரை ஓடியது. ஹோல்டனின் கடைசி கொமடோர் கார்களைத் தேடித் தேடி வாங்கினார்கள். ஆலை ஓடிக்கொண்டிருக்கும்போதே, வேலை நேரத்திலேயே, அடுத்த வேலைக்கான ஆலோசனையும் பயிற்சியும் கிடைத்தன.

அதை ஒரு வெற்றிக் கதையாக நான் விற்கவில்லை. வேலை கிடைத்தவர்களில் பலருக்கு முன்பிருந்த நிரந்தரமும் சம்பளமும் கிடைக்கவில்லை. வயதானவர்கள் பாடு சிரமம்தான். ஆனால் வீட்டுக் கடன் வாங்கலாமா வேண்டாமா என்று யோசித்த ஒருவர், உண்மை தெரிந்து யோசித்தார். இந்த ஒரு வித்தியாசத்துக்கு உங்களுக்கு எவ்வளவு செலவு ஆகியிருக்கும்?

நீங்கள் புதிதாகப் போகும் ஊரைப் பற்றியும் சொல்ல வேண்டும். இந்த விஷயத்தைப் பேசும் பலர் அங்கே வேலை கிடைத்தவரை எதிரியாகப் பார்க்கிறார்கள். எனக்கு அது உடன்பாடில்லை. தமிழ்நாட்டில் மறைமலை நகர் ஃபோர்டு ஆலையிலிருந்து 2018இல் இகோஸ்போர்ட் கார்கள் அமெரிக்காவுக்கே ஏற்றுமதியாகின. மிச்சிகன் தொழிலாளியின் கண்ணில் அது கடல் கடந்து போன வேலை. 2021 செப்டம்பர் 9 அன்று இந்தியாவில் உற்பத்தியை நிறுத்துவதாக அதே நிறுவனம் அறிவித்தது. 2022 கோடையில் அங்கே தொழிலாளர்கள் கூடுதல் இழப்பீடு கேட்டுப் போராடிக்கொண்டிருந்தார்கள். ஜூலையில் கடைசிக் கார் வெளியே போனது. குஜராத்தின் சனந்த் ஆலையை டாடா வாங்கியது, அங்கிருந்தவர்களுக்கு வேலையும் தொடர்ந்தது. மறைமலை நகருக்கு அப்படி யாரும் வரவில்லை. பிறகு 2025 அக்டோபரில், அதே இடத்தில் 3,250 கோடி ரூபாயில் எஞ்சின் தயாரிக்க ஒப்பந்தம் கையெழுத்தானது. 2029இல் உற்பத்தி தொடங்குமாம். நல்லது. ஆனால் 2022இல் வெளியே போன நாற்பத்தைந்து வயது வெல்டர் 2029 வரை எங்கே காத்திருப்பார்?

மெக்சிகோவின் கதையும் அதே திசையில்தான் போகிறது. 1994இல் வட அமெரிக்கத் தடையற்ற வர்த்தக ஒப்பந்தம் வந்தபோது அங்கே ஆண்டுக்குப் பத்து லட்சத்தை ஒட்டி வண்டிகள் தயாராகின. கால் நூற்றாண்டில் அது நாற்பது லட்சத்தைத் தொட்டது. உற்பத்தி நான்கு மடங்கு ஆனது, கூலி அந்த வேகத்தில் நகரவே இல்லை. ஆலை திறக்கும் முன்பே நிர்வாகத்துக்குப் பிடித்த சங்கத்தோடு ஒப்பந்தம் போட்டுவிடும் பழக்கம் அங்கே பல காலம் இருந்தது. வேலைக்கு வருகிறவருக்குத் தனக்கு ஒரு சங்கம் இருப்பதே தெரியாது. 2020இல் வந்த புது ஒப்பந்தத்தின் தொழிலாளர் விதிகளைப் பிடித்துக்கொண்டுதான் சிலாவ் நகரின் ஜெனரல் மோட்டார்ஸ் தொழிலாளர்கள் பழைய சங்கத்தின் ஒப்பந்தத்தை நிராகரித்து, 2022 பிப்ரவரியில் தங்கள் சொந்தச் சங்கத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். சம்பளமும் உயர்ந்தது. இனி அங்கே கூலி ஏறும்போது நீங்கள் வேறு வரைபடத்தை விரிப்பீர்கள் என்பதும் அவர்களுக்குத் தெரியும்.

திரும்பி வருவதும் உண்டு, அதிலும் யாரோ ஒருவர் அடிபடுகிறார். ஜீப் கார்களைத் தயாரிக்கும் ஸ்டெலான்டிஸ் நிறுவனம் 2023 பிப்ரவரியில் இல்லினாய் மாநிலத்தின் பெல்விடெர் ஆலையை நிறுத்தியது. அந்த ஆண்டுச் செப்டம்பரில் தொடங்கிய வேலைநிறுத்தத்தின் முடிவில், ஆலையைத் திறக்கிறோம் என்ற வாக்கைச் சங்கம் வாங்கியது. 2025 அக்டோபரில், ஜீப் காம்பஸ் அங்கே வரும் என்று அறிவிப்பு வந்தது. அது கனடாவின் பிராம்ப்டனுக்கு என்று வைத்திருந்த கார். பிராம்ப்டன் ஆலை புது மாடலுக்காகவே மூடிப் புதுப்பிக்கப்பட்டுக்கொண்டிருந்தது. 3,000 பேர் வீட்டில் உட்கார்ந்து அழைப்புக்காகக் காத்திருந்தார்கள். அமெரிக்க இறக்குமதி வரி என்ற காரணம் பொய்யில்லை. ஆனால் வரிக்கு வழி தேடும் பேச்சு உங்கள் அறையில் எப்போது தொடங்கியதோ, அப்போதே அந்த 3,000 பேரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

பிராம்ப்டனில் பொதுமக்கள் பணமும் இருந்தது. அந்த ஆலையையும் விண்ட்சர் ஆலையையும் புதுப்பிக்க 2022இல் கனடாவின் மத்திய அரசும் ஒண்டாரியோ அரசும் சேர்ந்து 100 கோடி கனடிய டாலர் அளவுக்கு உதவ ஒப்புக்கொண்டிருந்தன. 2025 இறுதியில் அதைத் திரும்பக் கேட்பது, இறக்குமதி வரிச் சலுகையைக் குறைப்பது என்று மத்திய அரசு இறங்கியது. லார்ட்ஸ்டவுனுக்கும் ஓஹையோ அரசு 6 கோடி டாலருக்கு மேல் வரிச் சலுகை கொடுத்திருந்தது. பல ஆண்டுகள் ஆலையை நடத்துவதாக ஒப்புக்கொண்டுதான் நிறுவனம் அதைப் பெற்றது. 2020இல் 2.8 கோடி டாலரைத் திருப்பிக் கொடுக்கும்படியும், இன்னொரு 1.2 கோடி டாலரை அந்த வட்டாரத்துக்குச் செலவழிக்கும்படியும் மாநிலம் உத்தரவிட்டது. பாதிக்கும் குறைவுதான் திரும்பியது என்றாலும், கேட்டு வாங்க முடியும் என்று தெரிந்தது. இதை அரசுகள் படிக்க வேண்டும். ஆலை வரும்போது மாலை போட்டு வரவேற்கும் அவசரத்தில், போகும்போது என்ன செய்ய வேண்டும் என்று எழுதி வாங்க மறந்துவிடுகிறார்கள்.

நான் கேட்பதற்கு வருகிறேன். அடுத்த மாடல் ஒதுக்கீடு எந்தக் கூட்டத்தில் முடிவாகிறதோ, அந்தக் கூட்டத்தின் முடிவை ஒரு மாதத்துக்குள் ஆலைகளுக்குச் சொல்லுங்கள். பங்குச் சந்தைக்கும் அன்றே சொல்லுங்கள், எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தெரிந்தால் யாரும் குறை சொல்ல முடியாது. மாடல் இல்லாத ஆலையில் சம்பளக் குறைப்பு ஒப்பந்தம் கேட்காதீர்கள். ஏற்கெனவே வாங்கியிருந்தால், ஆலை மூடும் நாளில் அந்தத் தொகையைக் கணக்குப் போட்டுத் திருப்பிக் கொடுங்கள். பயிற்சியைக் கேட் மூடிய பிறகு தொடங்காதீர்கள், ஷிப்ட் ஓடும்போதே, சம்பளத்தோடு கொடுங்கள். வென்டர்களோடு போடும் ஒப்பந்தத்தில் அவர்கள் தொழிலாளர்களுக்கான இழப்பீட்டையும் ஒரு வரியாகச் சேருங்கள். காரின் விலையில் அது கண்ணுக்கே தெரியாது.

இதற்குப் பதிலாக எனக்குக் கடிதம் எதுவும் எழுத வேண்டாம். உங்கள் நிறுவனத்தில் இப்போது மாடல் ஒதுக்கப்படாத ஆலை ஏதாவது இருந்தால், அந்த ஆலையின் அறிவிப்புப் பலகையில், அங்கே பேசும் மொழியில், எந்த ஆண்டு வரை வேலை இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதி ஒட்டச் சொல்லுங்கள். அடுத்த ஷிப்ட் உள்ளே வருவதற்குள் ஒட்டிவிடலாம்.

இப்படிக்கு,
உங்கள் கார்களை ஓட்டும், உங்கள் ஆண்டறிக்கைகளையும் படிக்கும் ஒருவர்